சிமெண்டு வைத்த இடுப்பு மூட்டா, சிமெண்டு இல்லாததா? எலும்பைப் பார்த்து முடிவெடுங்கள்

பினாங்கில் இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குத் தேதி வாங்கிவிட்ட குடும்பங்கள் பிசியோ பிரிவுக்கு வரும்போது, நடைப்பயிற்சியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்கிறார்கள். மூட்டைச் சிமெண்டு வைத்துப் பொருத்தச் சொல்வதா, சிமெண்டு இல்லாமல் பொருத்தச் சொல்வதா? பெரும்பாலும் கேள்விக்குள்ளேயே பதிலும் இருக்கும். "சிமெண்டு இல்லாததுதானே மிஸ் புதுசு? விலையும் கூடத்தான். அம்மாவுக்கு நல்லதாகவே போட்டுவிடலாம்னு பார்க்கிறோம்" என்பார் மகன். பெற்றவளுக்காகக் காசைக் கணக்குப் பார்க்காத பிள்ளை என்று மனசு நிறையும். ஆனால் 78 வயது அம்மாவுக்கு விலை கூடிய அந்த மூட்டே ஆபத்தையும் கூட்டலாம் என்பதை யாராவது அவரிடம் சொல்லியாக வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயது 65க்குள், எலும்பு கெட்டியாக இருக்கிறது என்றால் சிமெண்டு இல்லாத மூட்டு. வயது 75 தாண்டிவிட்டது, எலும்பு மெலிந்திருக்கிறது, அதுவும் விழுந்து இடுப்பு உடைந்து வந்தவர் என்றால், தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டுக்கு மட்டுமாவது சிமெண்டு. இடையில் இருப்பவர்களுக்கு எக்ஸ்ரேதான் வழி காட்ட வேண்டும். கத்தியைப் பிடிக்கப்போவது மருத்துவர். கடைசி முடிவும் அவருடையதுதான். நான் பிசியோதெரபிஸ்ட். இரண்டு வகை மூட்டோடும் எழுந்து நடந்தவர்களைக் கைப்பிடித்து நடத்தியிருக்கிறேன். மருத்துவரிடம் போகும்போது எதைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மூட்டுக்குள் என்ன வைக்கிறார்கள்

இடுப்பு மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும் சேர்ந்தது. முழு மூட்டு மாற்று என்றால் தேய்ந்த பந்தை அறுத்து எடுத்துவிட்டு, தொடை எலும்பின் நடுக்குழாய்க்குள் ஒரு உலோகத் தண்டை இறக்குவார்கள். தண்டின் தலையில் புதிய பந்து உட்காரும். இடுப்பெலும்பின் பக்கம் குழிவைச் சுரண்டிச் சீராக்கி ஒரு கிண்ணம் வைப்பார்கள். பந்து உலோகமாகவோ செராமிக்காகவோ இருக்கும். கிண்ணத்தின் உட்பக்கம் பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். சிமெண்டா இல்லையா என்ற கேள்வி தண்டும் கிண்ணமும் எலும்பைப் பிடித்துக்கொள்ளும் இடத்தைப் பற்றியது மட்டும்தான். பந்து எதனால் ஆனது என்பது வேறு கேள்வி. வீட்டுப் பேச்சில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. "செராமிக் போட்டால் சிமெண்டு வேண்டாமாமே" என்று கேட்டவர்களும் உண்டு. அப்படி ஒரு தொடர்பு கிடையாது.

எலும்புச் சிமெண்டு அக்ரிலிக் வகைப் பொருள். தூளையும் திரவத்தையும் அறுவைக் கூடத்திலேயே கலந்து, மாவு பதத்தில் எலும்புக் குழாய்க்குள் அழுத்தி நிரப்பி, அதற்குள் தண்டை இறக்குவார்கள். கால் மணி நேரத்துக்குள் அது இறுகிவிடும். அது பசைபோல ஒட்டுவதில்லை. எலும்பின் சின்னச் சின்னத் துளைகளுக்குள் புகுந்து இறுகிப் பிடித்துக்கொள்கிறது. அறுவைக் கூடத்தை விட்டு வெளியே வரும்போதே மூட்டு அசையாமல் நிற்கும்.

சிமெண்டு இல்லாத தண்டு பெரும்பாலும் டைட்டானியக் கலவையில் செய்தது. அதன் மேற்பரப்பு சொரசொரப்பாகவோ துளைத்துளையாகவோ இருக்கும். பல தண்டுகளில் ஹைட்ராக்சிஅபடைட் என்ற, எலும்பிலேயே உள்ள தாதுவை ஒத்த பூச்சும் இருக்கும். எலும்புக் குழாயைத் தண்டின் வடிவத்துக்கே அரைத்து, தண்டைச் சுத்தியலால் தட்டி இறுக்கமாக இறக்குகிறார்கள். முதல் சில வாரங்கள் அந்த இறுக்கம்தான் அதைப் பிடித்திருக்கும். அப்புறம், ஏறத்தாழ 6 முதல் 12 வாரங்களில், உயிருள்ள எலும்பு அந்த மேற்பரப்பின்மீதும் துளைகளுக்குள்ளும் வளர்ந்து பற்றிக்கொள்ளும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்த வாரங்களில் தண்டு எலும்புக்குள் அசையக் கூடாது. 0.04 மில்லிமீட்டருக்குள் அசைந்தால் எலும்பு வளரும்; 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்துவிடும். நார்த்திசு பிடித்த தண்டு எத்தனை வருஷமானாலும் உறுதியாகாது. அடி வைக்கும்போதெல்லாம் வலிக்கும்.

சிமெண்டின் மேல் விழுந்த பழி

சிமெண்டு என்றால் பழசு, மட்டம் என்ற எண்ணம் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1962ல் உலோகப் பந்து, பாலிஎத்திலீன் கிண்ணம், அக்ரிலிக் சிமெண்டு மூன்றையும் சேர்த்துச் செய்த மூட்டிலிருந்துதான் இன்றைய இடுப்பு மூட்டு அறுவை பிறந்தது. அதற்கு முன்னால் இடுப்பு தேய்ந்தவர்களில் பெரும்பாலோர் ஊன்றுகோலோடும் வலி மாத்திரையோடும் காலத்தை ஓட்ட வேண்டியதுதான். வருஷங்கள் போகப் போக, சிலருடைய எக்ஸ்ரேயில் மூட்டைச் சுற்றி எலும்பு கரைந்து ஓட்டை விழுவது தெரிந்தது. காரணம் சிமெண்டுதான் என்று நினைத்து, 1987ல் அதற்குச் 'சிமெண்டு நோய்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். சிமெண்டு இல்லாத மூட்டுகளுக்கு அந்த 1980களில் கிடைத்த வேகத்துக்கு இந்தப் பயமும் ஒரு காரணம். இன்றும் உலகெங்கும் பயன்படும் கோரெய்ல் தண்டு பிரான்சில் வந்தது 1986ல்.

பிறகு என்ன நடந்தது? சிமெண்டே இல்லாத மூட்டுகளைச் சுற்றியும் அதே ஓட்டைகள் விழுந்தன. தேய்ந்துபோன பாலிஎத்திலீனின் நுண்துகள்களை உடம்பின் வெள்ளணுக்கள் விழுங்கப் போய், அதில் கிளம்பும் அழற்சி எலும்பைக் கரைக்கிறது என்பது பின்னால்தான் தெளிவானது. 1990களின் கடைசியில் வந்த குறுக்கிணைப்புக் கூடிய பாலிஎத்திலீன் தேய்மானத்தைப் பெருமளவு குறைத்து, இந்தச் சிக்கலையும் அடக்கியது. அதாவது சிமெண்டின் மேல் போட்ட பழியில் பெரும்பகுதி பிளாஸ்டிக்குடையது. பழி நீங்கினாலும் 'பழசு' என்ற பெயர் மட்டும் போகவில்லை.

எதிர்ப்பக்கமும் இதே கதை உண்டு. 2010 ஆகஸ்டில் டிபியூ நிறுவனம் ஏஎஸ்ஆர் என்ற மூட்டை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அது சுமார் 93,000 பேருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. அதன் கிண்ணம் சிமெண்டு இல்லாதது. அதைப் படித்துவிட்டு "சிமெண்டு இல்லாதது ஆபத்தாமே" என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே கெடுத்தது உலோகத்தின்மேல் உலோகம் உரசி உதிர்ந்த கோபால்ட், குரோமியத் துகள்கள். எலும்போடு அதைப் பிடித்து வைத்த முறையின்மேல் அந்தக் குற்றத்தைப் போடக் கூடாது.

இளம் வயதுக்காரருக்கு ஏன் சிமெண்டு இல்லாதது

நம் பக்கத்தில் இடுப்பு மூட்டு மாற்றுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கிழவர்கள் இல்லை. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கும் ஆண்கள், இரத்த ஓட்டம் நின்று பந்தின் எலும்பு செத்துப்போய் வருகிறார்கள். குடி ஒரு காரணம். ஸ்டீராய்டு இன்னொரு காரணம்: ஆஸ்துமாவுக்கோ தோல் நோய்க்கோ நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் ஒரு பக்கம், மூட்டுவலிக்கு நல்லது என்று பசார் மாலம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய, பதிவு எண் இல்லாத ஜாமு என்ற நாட்டு மருந்திலும் உருண்டையிலும் கலந்திருந்த டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் தெரியாமலே விழுங்கியவர்கள் இன்னொரு பக்கம். இந்தக் கலப்படத்தைப் பற்றி மலேசியச் சுகாதாரத் துறை திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. மருந்தில் மால் (MAL) என்று தொடங்கும் அரசாங்கப் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் வாயில் போடாதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

பிறையிலிருந்து துறைமுகத்துக்கு லாரி ஓட்டும் 52 வயது அண்ணன் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னும் முப்பது வருஷம் நடக்க வேண்டியவர். எலும்பின் சுவர் தடித்தும் குழாய் குறுகலாகவும் இருக்கிறது. அவருக்குச் சிமெண்டு இல்லாத தண்டு நன்றாகப் பொருந்தும். எலும்பு ஒருமுறை உலோகத்தைப் பற்றிக்கொண்டால் அந்தப் பிடிப்பு உயிருள்ளது. தினமும் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. சிமெண்டுக்கு அந்தச் சக்தி இல்லை. இளம் வயதுக்காரரின் எடையும் வேலையும் ஓட்டமும் பல வருஷம் அதை அசைத்துக்கொண்டே இருந்தால், எலும்புக்கும் சிமெண்டுக்கும் நடுவில் பிடிப்பு மெல்ல மெல்ல நெகிழக்கூடும். பொருத்திய மூட்டுகளைக் கணக்கு வைத்துப் பின்தொடரும் ஐரோப்பியப் பதிவேடுகளிலும் ஆஸ்திரேலியப் பதிவேட்டிலும் இளைய நோயாளிகளுக்குச் சிமெண்டு இல்லாத மூட்டு நன்றாகவே தாக்குப்பிடிக்கிறது.

எத்தனை வருஷம் தாங்கும் என்று எல்லாரும் கேட்பார்கள். ஆஸ்திரேலியா, பின்லாந்து பதிவேடுகளை வைத்து 2019ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, 25 ஆண்டுகள் கழித்தும் 58 சதவீத இடுப்பு மூட்டுகள் மாற்றப்படாமல் இருப்பதாகக் கணக்கிட்டது. அவை பழைய பிளாஸ்டிக் காலத்தில் பொருத்தியவை. இன்றைய மூட்டுகள் இன்னும் நன்றாக உழைக்கும் என்று எதிர்பார்க்கலாம். இரண்டாவது அறுவையின் கவலை வயதைப் பொறுத்தது. 70 வயதுக்கு மேல் மூட்டு மாற்றியவர் ஆயுள் முடியும் முன் மறுபடி மாற்ற வேண்டிவரும் வாய்ப்பு ஏறத்தாழ 5 சதவீதம் என்று பிரிட்டனில் 2017ல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆணுக்கு அது பல மடங்கு அதிகம். அதனால் லாரி ஓட்டும் அண்ணன் முப்பது வருஷக் கணக்குப் போட வேண்டும். எண்பதை நெருங்கும் பாட்டிக்கு அந்தக் கணக்கே தேவையில்லை. அவர் பார்க்க வேண்டியது முதல் மூன்று மாதத்தை.

பாட்டிக்கு எலும்பு பிளந்தால்

சிமெண்டு இல்லாத தண்டின் பெரிய சிக்கல், பொருத்தும்போதோ பொருத்திய சில வாரங்களிலோ தொடை எலும்பு விரிசல் விடுவது. தண்டு மேலே அகன்று கீழே ஒடுங்கியது. இறுக்கமாக இறங்கினால்தான் பயன். கெட்டியான கட்டையில் ஆப்பு அடித்தால் அது இறுகி நிற்கும். உளுத்த கட்டையில் அடித்தால் கட்டை பிளந்துவிடும். மாதவிடாய் நின்று பல வருஷமான பெண்களின் தொடை எலும்பு உள்ளே அகன்று, சுவர் காகிதம் மாதிரி மெலிந்திருக்கலாம். எலும்பு மருத்துவர்கள் எக்ஸ்ரேயைப் பார்த்து டோர் ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். ஏ என்றால் குழாய் குறுகி, சுவர் தடித்தது. சி என்றால் புகைபோக்கி போல அகன்று, சுவர் மெலிந்தது. டோர் சி வகை எலும்புக்குள் தண்டைத் தட்டி இறக்கும்போது மருத்துவரின் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் ஆபத்து முழுக்க விலகாது.

எண்களைப் பார்த்தால் இது வெறும் பயமுறுத்தல் இல்லை என்பது தெரியும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 32,644 முதல்முறை இடுப்பு மூட்டு மாற்றுகளை ஆராய்ந்து 2016ல் வெளியிட்டது. அறுவையின்போதே தொடை எலும்பு உடைந்தது சிமெண்டு வைத்தவர்களில் 0.23 சதவீதம், வைக்காதவர்களில் 3 சதவீதம். பதினான்கு மடங்கு வித்தியாசம் என்று அவர்கள் எழுதினார்கள். 65 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குத்தான் அதிகம். கூடத்திலேயே விரிசலைக் கவனித்துவிட்டால் கம்பி சுற்றிக் கட்டிச் சரிசெய்வார்கள்; பெரும்பாலும் ஆறிவிடும். ஆனால் ஆறு வாரம் காலில் முழு எடை வைக்காதே என்று சொல்லிவிடுவார்கள். ஒரு காலில் எடை வைக்காமல் வாக்கரில் நடப்பது 80 வயதுக்காரருக்கு எவ்வளவு கஷ்டம் என்று நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கைகளில் பலம் இருக்காது. படுக்கையே கதி என்றாகிவிடும். நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும்.

கூடத்தில் யார் கண்ணிலும் படாமல் போன விரிசல் இன்னும் மோசம். வீட்டுக்குப் போய் இரண்டு மூன்று வாரத்தில் நாற்காலியிலிருந்து எழும்போது பட்டென்று உடையும். அதற்கு மறுபடி பெரிய அறுவை, நீண்ட தண்டு, கம்பிகள். முதல் அறுவையை விட உடம்பு அதிகம் நொந்துபோகும்.

விழுந்து இடுப்பு உடைந்து வரும் முதியவர்களுக்கு இதில் தெளிவான பதிலே கிடைத்துவிட்டது. பிரிட்டனில் 60 வயதைத் தாண்டிய 1,225 பேரைச் சீட்டுக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சிமெண்டு வைத்த அரை மூட்டும் (கிண்ணத்தைத் தொடாமல் பந்தையும் தண்டையும் மட்டும் மாற்றுவது) மறு பாதிக்கு நவீன சிமெண்டு இல்லாத அரை மூட்டும் பொருத்தினார்கள். முடிவு 2022ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. நான்காவது மாதத்தில் சிமெண்டு வைத்தவர்களின் வாழ்க்கைத் தரம் மேலாக இருந்தது. மூட்டைச் சுற்றிய எலும்பு முறிவு சிமெண்டுக் குழுவில் 0.5 சதவீதம், மற்றதில் 2.1 சதவீதம். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் சிமெண்டுக் குழுவில் 23.9 சதவீதம், மற்றதில் 27.8, இந்தக் கடைசி வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் சிமெண்டு உயிரைக் குடிக்கிறது என்ற பயத்துக்கு அதில் ஆதாரம் இல்லை. அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் அகாடமியின் 2021 வழிகாட்டி, இடுப்பு உடைந்த முதியவர்களுக்குச் சிமெண்டு வைத்த தண்டையே வலுவாகப் பரிந்துரைக்கிறது. குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டியின் பிள்ளைகள் "விலை கூடியதையே போடுங்கள்" என்று மருத்துவரை வற்புறுத்தும்போது எனக்கு வேதனையாக இருப்பது இதனால்தான்.

சிமெண்டின் சொந்தக் குறைகள்

சிமெண்டை நான் தூக்கிப் பிடிப்பதாக நினைக்க வேண்டாம். அதை எலும்புக் குழாய்க்குள் அழுத்தும்போது உள்ளேயிருக்கும் கொழுப்பும் மஜ்ஜையும் இரத்தத்தில் புகுந்து நுரையீரலுக்குப் போகலாம். சிலருக்கு அந்த நிமிடத்தில் ஆக்சிஜன் அளவும் இரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கும். பெரும்பாலோருக்குச் சில நிமிடத்தில் சரியாகிவிடும். மிகச் சிலருக்கு இதயமே நின்றுபோகலாம். இதய பலவீனம், நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். குழாயை நன்றாகக் கழுவி உலர்த்துவது, சிமெண்டைக் கீழிருந்து மேலாக நிரப்புவது, "சிமெண்டு போகிறது" என்று மயக்க மருத்துவருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது என்று இதைக் குறைக்கும் வழிகள் உண்டு. அப்படியும் இதயமும் நுரையீரலும் மிகவும் கெட்டுப்போயிருந்தால், எலும்பு முறிவின் ஆபத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு சிமெண்டு இல்லாமல் பொருத்த மருத்துவர் முடிவெடுக்கலாம். அது நியாயமான முடிவு. உங்கள் அப்பாவின் இதய மருத்துவர் கொடுத்த எக்கோ அறிக்கையை எலும்பு மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். வேறு மருத்துவமனையில் எடுத்தது என்றால் அது தானாக அவர் மேசைக்கு வந்துவிடாது.

சிமெண்டு வைத்தவர்களுக்கும் பல வருஷம் கழித்து விழுந்தால் தண்டைச் சுற்றி எலும்பு உடையலாம். சிமெண்டுக்கு நல்ல பக்கம் ஒன்றும் உண்டு: அதில் ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கைக் கலந்து வைக்கலாம்.

தொடை வலி

சிமெண்டு இல்லாத தண்டு வைத்த சிலருக்கு நடக்கும்போது தொடையின் நடுவில், தண்டின் நுனி இருக்கும் இடத்தில், மந்தமாக வலிக்கும். உலோகம் எலும்பை விடப் பல மடங்கு விறைப்பானது. எடை முழுவதும் நுனியில் போய் இறங்குவதால் இந்த வலி. தடித்த கோபால்ட் குரோம் தண்டுகளில் இது அதிகமாக இருந்தது. அவற்றைவிட வளைந்து கொடுக்கும் டைட்டானியமும் குட்டையான வடிவமும் வந்த பிறகு குறைந்தது. பெரும்பாலும் முதல் ஓரிரு வருஷத்தில் தணிந்துவிடும். ஆனால் இந்த வலியைப் "பழகிவிடும்" என்று தள்ளிவிடாதீர்கள். தண்டு எலும்போடு சேரவில்லை என்பதற்கும் இதுவே அறிகுறியாக இருக்கலாம். நாற்காலியிலிருந்து எழுந்து முதல் சில அடி வைக்கும்போது சுருக்கென்று வலித்து, நடக்க நடக்கக் குறைந்தால், அந்தச் செய்தியை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, தண்டு கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். அந்த வலியை மறைத்துக்கொண்டு தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறப் பார்ப்பவர்களிடம் நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன்.

எடையை உலோகம் வாங்கிக்கொள்வதால் மேல்பகுதி எலும்பு மெதுவாக மெலிவதும் உண்டு. எக்ஸ்ரேயில் தெரியும், உடம்புக்குப் பெரும்பாலும் தெரியாது. அடுத்த அறுவை என்று வந்தால் மட்டும் தொல்லை.

எந்த வகை என்றாலும் மாறாதவை

கிருமித் தொற்று, மூட்டு நழுவுவது, கால் நீளத்தில் வித்தியாசம், காலில் இரத்தம் கட்டுவது இவை இரண்டு வகைக்கும் பொது. தொற்று ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு வரலாம். மலேசிய இந்தியர்களிடம் சர்க்கரை நோய் மற்ற இனங்களை விட அதிகம் என்று தேசிய உடல்நல ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. சர்க்கரை கட்டுப்படாமல் அறுவைக்குப் போனால் தொற்றின் ஆபத்து ஏறும். அதனால் கடந்த சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 8க்குக் கீழே வரட்டும் என்று மருத்துவர் தேதியைத் தள்ளிவைத்தால் அவரோடு சண்டை போடாதீர்கள். புகை பிடிக்கிறவருக்கு எலும்பு உலோகத்தைப் பற்றுவது தாமதமாகும். இடுப்பில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். அந்த எலும்பு சரியாக வளராது என்பதால் தேர்வே மாறலாம்.

சம்மணம் போட்டு உட்காரலாமா, குந்திக் கழிவறை போகலாமா என்பதும் பொருத்தும் முறையைப் பொறுத்ததில்லை. பந்தின் அளவு, கிண்ணம் வைத்த கோணம், எந்தப் பக்கமாக மூட்டைத் திறந்தார்கள் என்பவை அதைத் தீர்மானிக்கும். பொதுவாக முதல் மூன்று மாதம் இரண்டும் வேண்டாம்.

இரண்டும் கலந்த வழி

பல குடும்பங்களுக்குத் தெரியாத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. கிண்ணத்தைச் சிமெண்டு இல்லாமலும் தண்டைச் சிமெண்டோடும் பொருத்துவது. எனக்கு இதில் மதிப்பு அதிகம். கிண்ணத்தின் பக்கம் சிமெண்டு வருஷங்கள் போகும்போது நெகிழும் வாய்ப்பு கூட. சொரசொரப்பான டைட்டானியக் கிண்ணம் வயதானவர்களுக்கும் நன்றாகப் பிடிக்கிறது, தேவைப்பட்டால் இரண்டு மூன்று திருகாணி போட்டுக்கொள்ளலாம். தண்டின் பக்கம் எலும்பு பிளக்கும் பயம் இருக்கிறதே, அங்கே சிமெண்டு காப்பாற்றுகிறது. 65க்கும் 75க்கும் நடுவில் நிற்கும், எலும்பு சுமாராக இருக்கும் அத்தை, பெரியம்மாக்களுக்கு இந்தக் கலப்பு முறை ஒத்துவருமா என்று தயங்காமல் கேட்கலாம்.

காசும் இடமும்

சிமெண்டு இல்லாத மூட்டின் விலை பொதுவாகக் கூடுதல். தனியார் மருத்துவமனையில் மொத்தச் செலவு பத்தாயிரக் கணக்கான வெள்ளியில் போகும். காப்பீட்டில் இம்பிளாண்டுக்கு எவ்வளவு வரம்பு என்பதை அட்டையை நம்பாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அரசாங்க மருத்துவமனையில் அறுவைக்கும் வார்டுக்கும் கட்டணம் மிகக் குறைவு என்றாலும், மூட்டின் விலையைப் பெரும்பாலும் நோயாளியே கட்ட வேண்டியிருக்கும். கட்ட முடியாதவர்கள் மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணிப் பிரிவைப் பார்த்தால், சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்க வழிகாட்டுவார்கள். குறைந்த வருமானக் குடும்பம் என்றால் பெக்கா பி40 திட்டத்தின் மருத்துவக் கருவி உதவியையும் விசாரியுங்கள். அதன் உச்சவரம்பு 20,000 வெள்ளி. அரசாங்க ஓய்வூதியக்காரரும் அவர் துணைவியும் ஓய்வூதிய அட்டையோடு போக வேண்டும். வேலையில் விழுந்து வந்தவர், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிடம் பேசாமல் ஒரு காசும் கட்ட வேண்டாம்.

அரசாங்க மருத்துவமனையில் 'மலிவான' சிமெண்டு மூட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வருத்தப்படுகிறவர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். எக்ஸீட்டர் என்ற சிமெண்டுத் தண்டு இங்கிலாந்தில் 1970 முதல் பொருத்தப்பட்டு வருகிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் பின்தொடர்ந்த பெருமை அதற்கு உண்டு. எது மலிவு எது உயர்வு என்பதை விலைச்சீட்டு முடிவு செய்யாது. மூட்டின் பெயரைக் கேட்டு வாங்கி, அதற்குப் பிரிட்டனின் ஓடெப் குழு கொடுத்த மதிப்பீட்டைப் பாருங்கள். 10, 13, 15 போன்ற எண்கள் அது எத்தனை வருஷத்துக்குச் சோதிக்கப்பட்டது என்பதைக் காட்டும். பக்கத்தில் ஏ எழுத்தும் நட்சத்திரமும் இருந்தால் ஆதாரமும் பலனும் மிக நன்று என்று அர்த்தம். சிமெண்டு வைத்ததிலும் வைக்காததிலும் அந்த மதிப்பீட்டை வாங்கியவை இருக்கின்றன.

மருத்துவரிடம் போகும்போது

அம்மாவின் தொடை எலும்பு டோர் வகையில் எது என்று கேளுங்கள். எலும்பு அடர்த்திச் சோதனை எடுத்திருக்கிறதா, மெலிவுக்கு மருந்து தொடங்க வேண்டுமா என்று கேளுங்கள். அவர் வழக்கமாக எந்த முறையில் செய்கிறார் என்பதையும் கேட்கத் தயங்காதீர்கள்; கை பழகிய முறையில் செய்யும்போது விளைவும் நன்றாக வரும். நீங்கள் விரும்பியது ஒன்று, அவர் நூற்றுக்கணக்கில் செய்து பழகியது இன்னொன்று என்றால், காரணத்தைக் கேட்டுவிட்டு அவர் வழிக்கு விடலாம். ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள்: எலும்பு மெலிந்த, 75 தாண்டிய அம்மாவுக்குச் சிமெண்டு இல்லாத தண்டு என்றால், எதற்காக என்று அவர் வாயால் விளக்கம் கேட்டு வாங்குங்கள். இதயமோ நுரையீரலோ காரணம் என்றால் அவர் உடனே சொல்லிவிடுவார்.

சிமெண்டு இல்லாத மூட்டு வைத்துவிட்டார்கள், விரிசல் எதுவும் இல்லை என்றால், இப்போதெல்லாம் மறுநாளே முழு எடை வைத்து நடக்கச் சொல்வார்கள். முன்பு ஆறு வாரம் பொறுக்கச் சொன்ன வழக்கம் மாறிவிட்டது. "புது எலும்பு வளரணுமே, நடக்கலாமா?" என்று பயந்து படுத்துக்கொள்வதால் கெடுதிதான். அறுவைக் குறிப்பில் விரிசல், கம்பி என்று ஏதாவது இருந்தால் மட்டும் நாங்கள் வேறு அட்டவணை போடுவோம். டிஸ்சார்ஜ் தாளைக் கொண்டுவராமல் பிசியோவுக்கு வந்தால் எங்களுக்கு அது தெரியாது.

இன்னொரு காரியமும் இருக்கிறது. பொருத்திய ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ஸ்டிக்கர் வரும். அதில் நிறுவனம், பெயர், அளவு, தொடர் எண் எல்லாம் இருக்கும். அதை அறுவைக் கோப்பில் ஒட்டிவைப்பார்கள். டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே அதன் நகலைக் கேட்டு வாங்கி, கைப்பேசியில் படமும் எடுத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அனுப்பிவையுங்கள். பதினைந்து இருபது வருஷம் கழித்து, கோலாலம்பூரிலோ ஜொகூரிலோ மகள் வீட்டில் இருக்கும்போது மூட்டை மறுபடி திறக்க வேண்டி வந்தால், உள்ளே இருக்கும் தண்டைப் பிடித்து எடுக்கும் கருவியும், அதன் தலைக்குச் சரியாகப் பொருந்தும் பந்தும் எது என்பதை அந்த மருத்துவர் அந்தச் சின்னச் சீட்டைப் பார்த்துத்தான் முன்கூட்டி வரவழைக்க முடியும்.